1437ஆம் வண்டியின் அடிப்பக்கம்

நிஸ்தாருக்கு ஓட்டமாவடியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை. ஊராரின் உடைந்த திரைகளோடு மல்லுக்கட்டிய நேரம் போக, மிஞ்சியதெல்லாம் இரயிலுக்குத்தான். எழுபத்தாறில் ஒரு பங்கு அளவில் அவனே செய்கிற சின்ன இரயில். நாற்பத்தைந்து வயதில் இது என்ன விளையாட்டு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்து, இப்போதெல்லாம் சிரித்துவிட்டுப் போகப் பழகியிருந்தான். மனைவி இர்ஷானா மட்டும் விடமாட்டாள். "குசினிச் சுவருக்குப் பெய்ன்ற் அடிக்க நேரமில்ல, விரல் நீளப் பெட்டிக்கு அடிக்க மட்டும் நேரம் இரிக்கி" என்பாள்.

மார்கழியில் கொழும்பில் மாதிரி இரயில் கண்காட்சி. அதற்கு ஒரேயொரு வண்டியைக் கொண்டுபோக அவன் மனம் வைத்திருந்தான். முன்னொரு காலத்தில் வாவிக்கரையில் இருந்த சவர்க்கார ஆலைக்குக் கோஸ்டிக் சோடா ஏற்றிவந்த தொட்டி வண்டி. தோலில் பட்டால் பொசுக்கிவிடும் காரத் தண்ணீர் அது. ஆலையும் இன்றில்லை, ஆலைக்குள் போன கிளைத் தண்டவாளமும் இல்லை; யுத்தத்தோடு எல்லாம் போயிற்று. பெற்றோல் வண்டிக்கு நூறு படம் கிடைக்கும். காரத் தண்ணீர் வண்டியை யார் மினக்கெட்டுப் படம் பிடித்தார்கள்?

எட்டு மாதம் தேடினான். ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் ஒருவர் வண்டி கறுப்பு என்றார். இன்னொருவர் வெள்ளை என்றார். மூன்றாமவர் அப்படியொரு வண்டி இந்தப் பாதையில் ஓடவே இல்லை என்று அடித்துச் சொன்னார். கடைசியில் இங்கிலாந்தில் இத்தகைய வண்டிகளைக் கட்டிய பட்டறை ஒன்றின் வரைபடம் இணையத்தில் அகப்பட்டது. காரத்தை மேல்வாயால் நிரப்பி, காற்றழுத்தம் கொடுத்து மேலாலேயே வெளியே எடுப்பார்கள். அடியில் எந்தத் திறப்பும் கிடையாது. நிஸ்தார் அந்த வரைபடத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

நிறம்தான் மிச்சம். அதைக் கேட்க வவுணதீவுக்குப் போனான். அந்த ஆலையில் வண்டி இறக்கிய அழகரத்தினம் அங்கே இருப்பதாக ஒருவர் சொல்லியிருந்தார்.

எழுபதை நெருங்கிய மனிதர். கேட்க ஆளில்லாமல் இருந்தவர்போல் சொன்னார். "கறுப்புமில்ல, வெள்ளையுமில்ல தம்பி. ஈயச் சட்டி நிறம். நடுவில ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சப் பட்டி. ஏணி ஒரு பக்கந்தான். நம்பர் ஆயிரத்தி நானூத்தி முப்பத்தேழு."

"நம்பரும் ஞாபகமா ஐயா!"

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி இலட்சுமிப்பிள்ளை முந்திக்கொண்டார். "மறக்குமா மனே? அந்த வண்டிதானே எங்கட குடியக் கெடுத்த."

நின்றபடியே கதையைச் சொன்னார். எண்பத்தோராம் ஆண்டு ஒரு மத்தியானம் அந்த வண்டியிலிருந்த காரம் முழுவதும் ஒழுகி, கழிவுக் கான் வழியே வாவிக்குள் இறங்கிவிட்டது. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அந்தக் கரையில் மாதக்கணக்கில் வலை நனையவில்லை. ஆலைக்காரர் இரண்டே நாள் விசாரித்து அழகரத்தினத்தை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் 'என்ட பிழை இல்ல' என்றார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. இலட்சுமிப்பிள்ளையின் அண்ணன் தெய்வநாயகம் அதே கரையில் மீன் பிடித்தவர். நடுத்தெருவில் நின்று, 'வாவிக்கு நஞ்சு வெச்சவன்' என்று மைத்துனரை ஏசினார். அன்றைக்கு அண்ணன் வாசலை விட்டு இறங்கியவர்தான் இலட்சுமிப்பிள்ளை. புருசனோடு இந்தக் கரைக்கு வந்து, குத்தகைக்கு வட்டையில் வயல் செய்து பிள்ளைகளை ஆளாக்கினார். தாய் இறந்தபோதும் அந்த வாசலை மிதிக்கவில்லை.

"அம்மாட முகமும் பாக்கல்ல மனே. இவர நம்பாத வாசலுக்கு நான் ஏன் போகோணும்?"

ஆலைக்காரரின் கடிதத்தை இன்னும் வைத்திருந்தார். நிஸ்தார் வாங்கி வாசித்தான். 'தொட்டியின் அடி வால்வைத் திறந்தபடி விட்டுச் சென்றமையால்' என்றிருந்தது.

"அடி வால்வா?" நிஸ்தார் துள்ளி எழும்பினான். "அம்மா, இந்த வண்டிக்கு அடியில வால்வே இல்ல! இஞ்ச பாருங்க." வரைபடத்தைத் தொலைபேசியில் விரித்துக் காட்டினான். "இல்லாத வால்வ ஐயா எப்பிடித் திறந்து விடுற? இவங்க வேற என்னத்தையோ மறைக்க ஐயாட தலையில கட்டியிருக்காங்க."

இலட்சுமிப்பிள்ளை அந்தச் சின்னத் திரையை இரண்டு கையாலும் வாங்கினார். ஒன்றும் விளங்கியிருக்காது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழகரத்தினம் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். ஆண்பிள்ளை அழுவதை யாரும் பார்க்கக்கூடாதென்று போகிறார் என நிஸ்தார் நினைத்தான்.

முந்திரிக்கொட்டை என்றால் இவன்தான். அந்த வண்டியைத் தன் கையால் இறக்கிய மனிதர் எதிரில் இருந்தார். எப்படி இறக்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இங்கிலாந்துக் கடதாசியை நம்பினானே தவிர, முன்னால் இருந்த ஆளைக் கேட்கவில்லை.

அடுத்த கிழமை இலட்சுமிப்பிள்ளை போன் எடுத்தார். குரலில் வயது பாதியாகக் குறைந்திருந்தது. நிஸ்தார் அனுப்பிக் கொடுத்த வரைபடத்தை மகள் மாமாவுக்கு அனுப்பினாளாம். அண்ணன் கல்லடியிலிருந்து போன் எடுத்து, பேச முடியாமல் அழுதாராம். "ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாறார் மனே. நாப்பத்திமூணு வருசத்துக்குப் புறகு! நீங்களும் வரோணும். மீன்தான் ஆக்குறன், நீங்களும் சாப்பிடலாம். நீங்க செய்யிற வண்டியையும் கொண்டு வாங்க."

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து தொலைபேசியைப் பார்த்தால், கொழும்பிலிருந்து ஒரு இரயில் பிரியர் அனுப்பிய படம். பழைய அல்பம் ஒன்றிலிருந்து எடுத்தது. ஈயச் சட்டி நிறம், மஞ்சள் பட்டி, எண் 1437. படத்தின் பின்னால் எழுதியிருந்ததையும் சேர்த்து அனுப்பியிருந்தார். பழைய மண்ணெண்ணெய் வண்டி; காரத்துக்காக நிறம் மாற்றியது. படத்தில், தொட்டியின் அடியில் மண்ணெண்ணெய்க் காலத்து வால்வு கைச்சக்கரத்தோடு அப்படியே இருந்தது.

நிஸ்தார் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான். எட்டு மாதம் தேடிய படம் கைக்கு வந்திருக்கிறது, அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இர்ஷானாவிடம் காட்டினான். "சொல்லாம இரிந்தா என்ன? அவங்க சந்தோசமாத்தானே இரிக்கிறாங்க" என்றான்.

"அவங்களுக்காகக் கேக்கிறீங்களா, உங்கட வெக்கத்துக்காகக் கேக்கிறீங்களா?" என்றாள் அவள்.

வண்டியை வால்வு இல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தான். கை வரவில்லை. சனிக்கிழமை முழுவதும் இருந்து, மொபைல் ஸ்க்ரூ ஒன்றை அறுத்துக் கைச்சக்கரம் செய்து அடியில் ஒட்டினான்.

ஞாயிறு அவன் போனபோது தெய்வநாயகம் வந்திருந்தார். ஒரு கூடை செல்வன் மீன் கொண்டுவந்திருந்தார். தங்கை முகத்தை நேரே பார்க்கக் கூச்சப்பட்டு, வளவு மரங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நிஸ்தார் அழகரத்தினத்தை மாட்டுக் கொட்டில் பக்கம் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினான்.

"ஐயா, நான் பிழையாச் சொல்லிட்டன். வால்வு இரிந்திருக்கு. மன்னிச்சிருங்க."

அழகரத்தினம் தொலைபேசியைக் கையில் வாங்கவே இல்லை. "தெரியும் தம்பி. எத்தின தரம் திருகின கை இது. அண்டைக்குப் பன்னெண்டு மணிச் சங்கு ஊதிட்டு. அரைவாசி பூட்டின நான். சாப்பிட்டுட்டு வந்து மிச்சத்தப் பூட்டுவம் எண்டு போன."

"அப்ப நான் வந்த அண்டைக்கு ஏன் ஐயா சொல்லல்ல?"

"அவள்ட முகத்தப் பாத்தீங்கதானே?"

நிஸ்தார் சின்ன வண்டி இருந்த பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்தான். "நான் இத வெளியில எடுக்கல்ல. வண்டி முடியல்ல எண்டு சொல்லிடுவன்."

அவர் உள்ளே போனார். தெய்வநாயகம் அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தார். இலட்சுமிப்பிள்ளை மீன் துண்டைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அழகரத்தினம் திரும்பி, "தாங்க தம்பி" என்று கையை நீட்டினார். கொடுக்காமலிருக்க நிஸ்தாரால் முடியவில்லை.

விரல் நீள வண்டி. அவர் அதைக் கவிழ்த்து மனைவியின் முன்னால் பிடித்தார்.

"இதான் அடி வால்வு. இத நான்தான் பூட்டாம வந்த. தம்பியில பிழையில்ல, அவருக்குத் தெரியாது." வண்டியைச் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "ஆரும் நம்பாத பொய்யோட நாப்பத்திமூணு வருசம் இருந்திட்டன் இலச்சுமி. எல்லாரும் நம்புற பொய்யோட ரெண்டு கிழமை இருக்க ஏலாமக் கிடக்கு."

"நான் நம்பினனே" என்றார் இலட்சுமிப்பிள்ளை.

அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

"அம்மாட செத்த வீட்டுக்கு நான் போகல்ல. அண்டைக்கும் இது உங்களுக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"விடு தங்கச்சி, பழைய கதை" என்றார் தெய்வநாயகம்.

"நீங்க கதைக்காதீங்க அண்ணன். சாப்பிட்டு முடிங்க. உங்களோட நான் வாறன். அம்மாவத் தாட்ட இடத்தக் காட்டுங்க."

அண்ணன் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் மீன் வைப்பதை நிறுத்தவில்லை. நிஸ்தாருக்கும் வைத்தார். பிறகு சேலை மாற்றிக்கொண்டு வந்து, அண்ணனின் முச்சக்கர வண்டியில் ஏறுமுன் புருசனைத் திரும்பிப் பார்த்தார்.

"மாட்டுக்குத் தண்ணி வைங்க. பின்னேரம் வந்துதான் உங்களோட எனக்குக் கதை இருக்கு."

முச்சக்கர வண்டி ஒழுங்கையைத் தாண்டி மறைந்தது. அழகரத்தினம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாறன் எண்டு சொன்னாள்தானே தம்பி?"

"ஓம் ஐயா, சொன்னாங்க. எனக்குக் கேட்ட."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார்.