வெளியே தூக்கி வைத்த அடுப்பு

கம்பாலாவுக்குப் போகும் வேன்கள் புறப்படும் மூலையில் நபுக்கீரா சுட்டுக்கொண்டிருந்த நேந்திரம்பழங்களை, நகரசபை ஆட்கள் அடுப்போடும் நெருப்போடும் அப்படியே தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தூக்கியவன் ஒகிரோர். தினமும் அவளிடம் பழம் வாங்கித் தின்றுகொண்டே நொட்டை சொல்கிறவன், இன்று அவளை யாரென்றே தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொண்டான். நடைபாதையில் விற்றால் பறிமுதல். சந்தைக்குள் இடம் கேட்டால் இல்லை. வேறு எங்கேதான் நின்று தொலைப்பது, மரத்திலா என்று புலம்பிக்கொண்டே அவள் அபராதம் கட்டி அடுப்பை மீட்க நகரசபை வளாகத்துக்கு நடந்தாள்.

அபராதம் வாங்குகிற ஆள் அங்கே இல்லை. பொருளைப் பறிகொடுத்த தக்காளிக்காரி, செருப்பு விற்கிறவள், மரவள்ளிக்காரி என்று ஒரு கூட்டமே வெயிலில் உட்கார்ந்திருந்தது. எப்போது வருவார் என்று கேட்டால், “வரும்போது வருவாரு” என்றான் வாசல் காவலாளி. நபுக்கீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கருகல் வாடை வேறு. எட்டிப் பார்த்தாள். லாரிக்குப் பின்னால் அவளுடைய அடுப்பைச் சுற்றி ஒகிரோரும் அவன் கூட்டாளிகளும் குந்தியிருந்தார்கள். பழம் வெளியே கரி, உள்ளே பச்சை.

“அடப் பாவிங்களா! தூக்கிட்டு வந்ததுதான் வந்தீங்க, ஒழுங்கா சுடக்கூடவா தெரியல?”

“உள்ள வேகவே மாட்டேங்குது அக்கா” என்றான் ஒகிரோர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

“இப்படிக் குவிச்சு வெச்சா எப்படி வேகும்? தள்ளு.”

கங்குகளைப் பரப்பி, கூடையிலிருந்த மிச்சப் பழங்களை உரித்து அடுக்கினாள். மணம் எழுந்ததும் வெயிலில் இருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். முதல் பழம் தக்காளிக்காரிக்குப் போயிற்று. ஒகிரோர் கையை நீட்டினான்.

“காசு?”

“பறிமுதல் பண்ண பழத்துக்குக் காசா?”

“பழம் சும்மா. சுட்டதுக்குக் குடு.”

கூட்டாளிகள் சிரித்ததில் அவன் பையைத் துழாவ வேண்டியதாயிற்று.

எல்லாரும் காத்திருந்த அதிகாரியின் கார் உள்ளே வந்தது அப்போதுதான். இறங்கியவர் புகையைப் பார்த்துக் கத்தினார். “ஆபீசுக்குள்ளயே கடையா! யாரு உள்ள விட்டது? தூக்கி வெளிய போடுங்கடா!”

“சார், அது நாம பிடிச்ச…”

“இப்பவே!”

காலையில் தூக்கிய அதே அடுப்பை ஒகிரோர் மறுபடி தூக்கினான். நபுக்கீரா பழக்கூடையோடு பின்னால் நடந்தாள். வாசலுக்கு வெளியே, நடைபாதையில் அதை இறக்கிவைத்தான்.

“நாளைக்கு அந்த மூலைல நிக்காதீங்க அக்கா. நாங்க வருவோம்.”

“எங்க நிக்கட்டும்? நீயே ஒரு இடம் சொல்லேன்.”

அவன் கன்னத்தில் பழத்தை அதக்கியபடி சாலையின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நபுக்கீரா அட்டையால் விசிறினாள். கம்பிக் கதவின் இடுக்கு வழியாக, உள்ளே காத்திருந்த பெண்களின் கைகள் ஒவ்வொன்றாக அவளை நோக்கி நீண்டன.