உப்பு பிஸ்கட்

கனடாவின் தண்டர் பே நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற டொனெல்டாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது. ஒற்றை மருந்துக்குச் சில மாதம் அடங்கியது, பிறகு அடங்கவில்லை. இப்போது ஆய்வுச் சிகிச்சையில் இரண்டு மாத்திரை. ஒரு வழியை அடைத்தால் நோய் இன்னொரு வழியில் வளரும், அதனால்தான் இரண்டு என்று மருத்துவர் படம் போட்டு விளக்கியபோது, "முன் கதவைச் சாத்துனா பின் கதவால ஏறுற பசங்கள எனக்குத் தெரியாதா? ரெண்டையும் சாத்துங்க" என்றாள். போன ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருந்தன.

ஆனால் வாயெல்லாம் புண். அதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் ஆய்விலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயம். மருத்துவமனைக்குக் கிளம்பும்முன் வாயை மரத்துப்போகச் செய்யும் மருந்தால் கொப்பளித்து, உதட்டுச் சாயமும் பூசி, கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி வந்து நிற்பாள். பொல்லாத பிடிவாதக்காரி.

அன்று பனியில் சாலை அடைபட்டுத் தாமதமாகிவிட்டது. வந்து சேர்வதற்குள் மரப்பு விட்டுப்போயிருந்தது. ஆய்வைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் இவெட், மாத்திரைக்கு முன்னால் வழக்கம்போல உப்பு பிஸ்கட்டை நீட்டினாள்.

"எப்படி இருக்கீங்க?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

ஒரே கடி. கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"கல்லு அழுவுமா? வாயைத் திறங்க."

திறந்தாள். பார்த்த இவெட் மீதி பிஸ்கட்டை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"என்னை எடுத்துடாத, இவெட். இதை விட்டா எனக்கு வேற மருந்து இல்ல."

"யாரு எடுக்கப்போறா? புண் ஆறுறவரைக்கும் ஒரு மாத்திரையை நிறுத்திட்டு, அப்புறம் அளவைக் குறைச்சுக் கொடுப்போம். ரெண்டையும் சேர்த்தா உடம்பு எவ்வளவு தாங்கும்னு பாக்கத்தான் இந்த ஆய்வே. நீங்க மறைச்சா, தாங்குதுன்னு நெனச்சு அடுத்து வர்றவங்களுக்கும் இதே அளவைத்தான் கொடுப்போம்."

டொனெல்டாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் தன் உயிரைத் தவிர வேறெதையும் அவள் நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"சரி, எழுதிக்க. வாய்ப்புண்ணு. வயித்துப்போக்கு. உள்ளங்கால் எரிச்சல்."

"வேற?"

"உன் பிஸ்கட் சகிக்கல."

வெளியே காத்திருக்கும் அறையில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் அதே ஆய்வில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் நீலப் பை.

"புதுசாம்மா? எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்" என்றாள் அவள், உதட்டை அதிகம் அசைக்காமல்.

டொனெல்டா போட்ட கோட்டைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாயைத் திற, பாப்போம்."