சுவர் கொடுத்த பால்

முதல் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றே, இஸ்திரிக்காரியின் படுக்கையறைச் சுவரில் பால் கசியத் தொடங்கியது. கட்டிலை ஒட்டிய சுவர். அவள் உட்கார்ந்தால் மார்பு வரும் உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஈரத் திட்டுகள். குழாய் ரிப்பேர்காரர் வந்து தட்டிப் பார்த்து, இந்தச் சுவருக்குள் குழாயே கிடையாது என்றார். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தவர், கூலிகூடக் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாவம், மானம் போனது அவள் கணவனுக்குத்தான். ஊர்ப்பட்ட வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் அவன். சுரண்டினான், பட்டி பார்த்தான், ஈரம் தாங்கும் என்று கடைக்காரன் சத்தியம் செய்த பெயிண்டை இரண்டு கோட்டு அடித்தான். விடிந்தால் திட்டு அதே இடத்தில்.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய முலைக்காம்புகள் இரண்டும் வயதுக்கு வந்த நாளிலிருந்தே உள்ளே அமுங்கியவை. தோழிகளோடு உடை மாற்றும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். பிரசவ வார்டு நர்ஸ், சிரிஞ்சின் முனையை வெட்டி மார்பில் பொருத்தி, உறிஞ்சி இழுத்துப் பார்த்தாள். ஆமைத் தலை மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு இரண்டும் உள்ளே போய்விட்டன. குழந்தையின் வாய்க்குப் பிடி கிடைக்கவில்லை. பாலோ கட்டிக்கொண்டு கல்லாய் வலித்தது. அது எங்கேயாவது போயாக வேண்டுமே, சுவருக்குப் போயிற்று.

மகள் சுவரில் குடித்து வளர்ந்தாள். வாயை வைத்ததும் அந்த இடம் கொஞ்சம் புடைத்துக் கொடுக்கும். இவள் மகளின் பின்னந்தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, யார் வீட்டு விருந்திலோ தட்டு ஏந்தி நிற்பவளைப் போல உட்கார்ந்திருப்பாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விழுந்து அடிபட்டால் அது சுவரிடம் ஓடியது. இடி இடித்தால் சுவரைக் கட்டிக்கொண்டது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் இவள் சுவரை ஓங்கி அறைந்துவிட்டாள். அன்று முழுக்கச் சுவர் ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. பிள்ளை கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு சுவரிடம் மன்னிப்புக் கேட்டாள். பெற்றவள் அவள், பொறாமை செங்கல்லின் மேல். இதை வெளியே சொல்லி அழவா முடியும்?

பால் மறந்த பிறகும் மகள் சுவரில் கன்னம் வைத்துத்தான் தூங்கினாள். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், இரண்டாவது பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தது. இஸ்திரிக்காரி காம்புகளை வெளியே எடுக்க ஆபரேஷன் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"அதான் செவுரு இருக்கே, அப்புறம் எதுக்கு கத்தி?" என்றாள் மாமியார்.

"எம் புள்ளைக்கு நான்தான் குடுக்கணும், அத்தை. செவுரு குடுத்தது போதும்."

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். பால் வரும் குழாய்களை வெட்டிவிட்டால் காம்பு வெளியே நிலைத்து நிற்கும், பால் வராது. வெட்டாமல், உள்ளே இழுக்கும் நார்களை மட்டும் தளர்த்தித் தையல் போட்டால் பாலுக்கு வழி இருக்கலாம், ஆனால் காம்பு மறுபடி உள்ளே போனாலும் போகும். வெட்ட வேண்டாம் என்றாள் இவள். மரத்துப்போக ஊசி போட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே முடித்துவிட்டார்கள். காம்பை எதுவும் அழுத்தாதபடி நடுவில் ஓட்டை விட்டுக் கட்டுப் போட்டார்கள். அதே வேளையில் வீட்டுச் சுவர் ஒருமுறை விக்கியதாகவும், திட்டுகள் மடமடவென்று காய்ந்ததாகவும் மாமியார் சொன்னாள். கட்டுப் பிரித்த அன்று இஸ்திரிக்காரி கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் மகன் பிறந்தான். பிறந்த கையோடு பற்றிக் குடித்தான். அவள் அழுத அழுகையைப் பார்த்து வலிக்கிறதாக்கும் என்று நர்ஸ் ஓடி வந்தாள். கணவன் அறைக்கு நீலம் அடித்தான். பெயிண்ட் நின்றது. பார்க்கிறவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினான்.

மகளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவள் காய்ந்த சுவரில் இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. ஒரு மத்தியானம் வந்து கேட்டாள்: "அம்மா, செவுரு செத்துப்போச்சா?"

இஸ்திரிக்காரி அப்போது மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மகனுக்குத் தாயாகப் போய் மகளை அநாதையாக்கிவிட்டோமே என்று நினைத்தாள். "சாகலடி, இங்க வா" என்று கையை நீட்டினாள். மகள் முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைவது போலத் தயங்கி வந்து, தம்பி குடிக்காத பக்கமாகக் கன்னத்தை வைத்தாள். மூக்கை இழுத்து மோந்தாள். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி மோந்தாள். அப்படியே தூங்கிப்போனாள்.

மகனுக்குப் பல் முளைக்கும் சமயத்தில் டாக்டரம்மா சொன்னபடியே ஆயிற்று. இடப்பக்கக் காம்பு மெல்ல உள்ளே போய்விட்டது. நீலத்தைத் துளைத்துக்கொண்டு சுவரில் ஒரே ஒரு திட்டு ஈரமானது. முதலில் பார்த்தவள் மகள்தான். இஸ்திரிக்காரி கதவருகே நின்றாள். இனி இந்தப் பிள்ளை சுவரோடு போய்விடும் என்றே நினைத்தாள்.

மகள் ஈரத்தை விரலால் தொட்டு மோந்தாள். கொடியிலிருந்த துண்டை உருவி வந்து, தம்பியின் வாய் துடைப்பது போலச் சுவரைத் துடைத்தாள்.

"அம்மா, உனக்கு இங்க ஒழுகுது பாரு" என்றாள்.

மறுபடி ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. இருக்கட்டும் என்றுவிட்டாள் இஸ்திரிக்காரி. கணவன் அந்த இடத்தை மட்டும் விட்டு, சுற்றிப் பெயிண்ட் அடித்தான். கீழே ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பூனை காலையிலும் மாலையிலும் வந்து குடித்துவிட்டுப் போகிறது.