பிக்கிள்ஸ் கடைப் பலகை

இரும்பில் வார்த்த பிறகு பேரம் பேச முடியாது. பிராக்கன்ஷா ஊர்ச் சரித்திரச் சங்கம் தன் நினைவுப் பலகையைத் திங்கட்கிழமை வார்ப்புக்கு அனுப்புகிறது என்பது எனக்குத் தெரிய வந்தது வியாழக்கிழமை. இடையில் சனிக்கிழமைக் கூட்டம் ஒன்றுதான் இருந்தது. போதும். எங்கள் பரம்பரையில் சாமான் வண்டியில் ஏறின பிறகும் விலை குறைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பிராக்கன்ஷா யோர்க்ஷயரில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே இறுகிக் கிடக்கிற ஊர். ஒரு கம்பளி மில், ஒரு வாய்க்கால், பஸ் திரும்பிப் போகிற முடக்கு. அந்த முடக்கில் ஒரு மிட்டாய்க் கடை. கடைக்கு மேல்வீட்டில்தான் சின்ன வயதிலிருந்து நான் வளர்ந்தேன். இப்போது ஊஸ்டரில், ஸ்டேஷனுக்குப் பின்புறம், அரிசியும் மரக்கறியும் பலகாரமும் விற்கிறேன். அப்பா இராஜசிங்கமும் அம்மா புனிதவதியும் என்னோடுதான். ஓய்வெடுக்க வந்தவர்கள் என்று பெயர். நாள் முழுதும் என் கடையில் நின்று, நான் விற்கிற விதத்தில் பிழை பிடிப்பதுதான் அவர்களது ஓய்வு.

அந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறது. மில் சங்கு ஊதினால் பால்காரனின் குதிரை தானாக நடக்கத் தொடங்கியது, வாய்க்கால் உறைந்த வருடம் பாதிரியார் அதில் வழுக்கி விழுந்தது என்று தினமும் யாராவது எழுதுவார்கள். நான் கத்தரிக்காய் நிறுக்கிற இடைவெளியில் வாசிப்பேன். அன்றைக்கு வாசித்தது பலகையின் வாசகம்:

‘எடித் பிக்கிள்ஸ் மிட்டாய்க் கடை, 1932 முதல் 1998 வரை. எடை நிறுத்த பிறகும் ஒன்று கூடத் தந்த கைக்கு ஊர்ப் பிள்ளைகளின் நன்றி.’

ஊறுகாயைப் பெயரில் வைத்துக்கொண்டு மிட்டாய் விற்ற பிக்கிள்ஸ் அம்மையார், கடையை 1979இல் அப்பாவிடம் விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய், அடுத்த குளிருக்கே காலமாகிவிட்டார். மிச்ச வருடமெல்லாம் மண்ணுக்குள்ளிருந்தே மிட்டாய் நிறுத்தாராக்கும்.

வாசித்துக் காட்டியதும் அப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்தது.

“அவ கூடக் குடுத்தவவோ? கடை கைமாறின கிழமை நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். தராசு எப்பன் சரிஞ்சாப் போதும், டொஃபியைச் சுத்தியலால உடைச்சுப் பாதியைத் திருப்பிப் போத்திலுக்க போட்டிடுவா.”

“உங்கட பேர் எங்கயப்பா?”

சிரிப்பு நின்றது. பதிலை அம்மா சொன்னார்.

“எப்பிடி இருக்கும்? போர்டை மாத்துங்கோ, போர்டை மாத்துங்கோ எண்டு தலைப்பாடா அடிச்சனான். கேட்டவரோ?”

“பேரையும் சேத்துத்தான் வாங்கினனான். காசு குடுத்து வாங்கின பேரைப் பெயின்ற் அடிச்சு அழிக்கிறதோ?” என்றார் அப்பா.

இது எங்கள் வீட்டில் நாற்பது வருட வழக்கு. சாவகச்சேரிச் சந்தையில் பழகிய அப்பாவுக்கு, நல்ல பெயருள்ள கடைப் பலகை சம்பளம் கேட்காத வேலையாள் மாதிரி. அதனால் ‘ஈ. பிக்கிள்ஸ்’ என்ற பச்சைப் பலகை கடைசிவரை எங்கள் தலைக்கு மேலேயே தொங்கியது. ஊரும் கடையைப் பிக்கிள்ஸ் என்றே கூப்பிட்டது. அப்பா லாபம் என்று நினைத்தார். லாபம்தான், பெயரைத் தவிர.

அம்மா உள்ளே தேத்தண்ணீர் ஊற்றப் போனதும் அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“தம்பி, என்ர பேர் வரவேணும்.”

“வரும். நிறுத்த பிறகு கூடப் போட்டது நீங்கள்தான் எண்டு சொன்னாப் போதும்.”

“அதை மட்டும் சொல்லாதை.”

“ஏன்?”

அப்பா குசினிப் பக்கம் கண்ணைக் காட்டினார். “கொம்மாவுக்குத் தெரியாது.”

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிராக்கன்ஷாவில் காசும் கணக்கும் அம்மாவிடம், கடைக்குள் இறங்குவது அரிது. மேல்வீட்டிலிருந்தே போத்தில் மூடி திறக்கிற சத்தத்தை வைத்து எந்த மிட்டாய் போகிறது என்று சொல்வார். ஒரு மிட்டாய் இலவசமாகப் போனது தெரிந்திருந்தால் அன்றைக்கு அடுப்பு எரிந்திராது. ஆக, என்னிடம் இருந்த ஒரே நல்ல சாமானை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு வியாபாரம் பேச வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம், கடை பூட்ட ஒரு மணி நேரம் இருக்க, மடிக்கணினியைச் சம்பா அரிசி மூட்டையில் சாய்த்துவைத்து வீடியோக் கூட்டத்தில் சேர்ந்தேன். அப்பா தனக்கு இதில் அக்கறையே இல்லை என்பதுபோல என் பின்னால் பலகாரத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அதையேதான் துடைக்கிறார்.

திரையில் ஊர் மண்டபம் தெரிந்தது. கம்பளிச் சட்டைகளும் தேநீர்க் கோப்பைகளுமாக நிறையப் பேர். தலைவர் ஜெனட், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அந்த ஊருக்குக் குடிவந்தது கடை மூடிய பிறகு. முன்வரிசையில் கெவின், என் பள்ளித் தோழன், இப்போது பஸ் ஓட்டுகிறான். அவர்களது இங்கிலீஷை என் தமிழில் தருகிறேன், எடை குறையாமல்.

நான் மேலே இருந்து தொடங்கினேன். அதுதான் முறை. தெரு வேண்டும் என்று கேட்டால்தான் திண்ணமாக ஒரு வரி கிடைக்கும்.

“அந்த முடக்குக்கு இராஜசிங்கம் ஒழுங்கை என்று பெயர் வைக்க வேண்டும்.”

“மிகவும் சுவாரசியமான யோசனை,” என்றார் ஜெனட்.

யோர்க்ஷயரில் வளர்ந்தவனுக்கு அதன் பொருள் தெரியும். கதவு சத்தமில்லாமல் சாத்தப்படுகிறது. நான் ஒரு படி இறங்கினேன்.

“சரி, ஒழுங்கை வேண்டாம். பலகை முழுக்க அப்பாவின் பெயர்.”

“அதுவும் சுவாரசியம். ஆனால் இதைப் பாருங்கள்.” ஜெனட் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். கடை வாசலில் பிள்ளைகள், ஓரத்தில் காற்சட்டை வழிய நான், தலைக்கு மேலே பச்சைப் பலகை. “எண்பத்தைந்தில் எடுத்த படம். பிக்கிள்ஸ் என்றுதானே இருக்கிறது? உங்கள் அப்பா அம்மையாரிடம் வேலை செய்தவரா?”

பின்னால் தராசுத் துணி நின்றுவிட்டது. திரும்பாமலே எனக்கு அப்பாவின் காது சிவப்பது தெரிந்தது.

“கடை அப்பாவுடையது,” என்றேன். “பலகைதான் அம்மையாருடையது.”

மண்டபத்தில் சிரிப்பு. கெவின் எழுந்தான். “ராஜா, கோபிக்காதே. உன் அப்பா தங்கமான மனிதர். ஆனால் முதலாளியம்மா மேல்வீட்டில் இருந்தது எங்களுக்குத் தெரியும். கால் இறாத்தல் நிறுத்து, பையை முறுக்குவார். பிறகு வலப்பக்கம் ஒரு பார்வை, மாடிப்படிப் பக்கம் ஒரு பார்வை, களவெடுக்கப் போகிறவர் மாதிரி. முறுக்கைப் பிரித்து இன்னொன்று போடுவார். நாங்கள் மூச்சுவிட மாட்டோம். சில நாள் சரியாக அந்த நேரம் மேலேயிருந்து கிழவி சத்தம் போடும். ஒரு சொல் விளங்காது. பழைய காலத்து யோர்க்ஷயர்ப் பேச்சு.”

“ஆமாம், ஆமாம்,” என்று பல தலைகள் ஆடின. ஒரு பெண், அந்தச் சத்தம் இன்னும் தன் கனவில் வரும் என்றாள்.

“கூடக் கொடுப்பது அம்மையாரின் கடை வழக்கம் என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்களே?” என்று ஜெனட் குழம்பினார். “முதலாளியின் வழக்கத்தை வேலையாள் ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும்?”

அம்மாவின் பெயர் எனக்கு நாக்கு நுனியில் நின்றது. அம்மா குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அப்பாவோ அதை மட்டும் சொல்லாதே என்றிருந்தார். ஜெனட் கடிகாரத்தைப் பார்த்தார். “அப்படியென்றால் இருக்கிற வாசகத்தையே வாக்கெடுப்புக்கு விடலாமா?”

அந்த நேரம் கடைக் கதவு மணி அடித்தது.

தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற கோபிஷா. சனிக்கிழமைதோறும் எள்ளுருண்டைக்கு வருகிறவள். எட்டு வயது, முன்பல் இரண்டு இல்லை.

“தாத்தா, நூறு கிராம்.”

“ஓம், வா பிள்ளை,” என்றார் அப்பா.

கூட்டத்தை மறந்துவிட்டார். கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. நிறுத்தார். முள்ளைப் பார்த்தார். பையை முறுக்கினார். பிறகு நின்றார். வலப்பக்கம் பார்த்தார். குசினிக் கதவைப் பார்த்தார். முறுக்கைப் பிரித்து இன்னொரு உருண்டையை உள்ளே நழுவவிட்டார்.

என் தோளுக்கு மேலாக மண்டபம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ கோப்பையைச் சாசரில் வைக்கிற சத்தம் பிராக்கன்ஷாவிலிருந்து ஊஸ்டருக்குக் கேட்டது.

கெவின்தான் மெதுவாகக் கேட்டான். “ராஜா, பிக்கிள்ஸ் அம்மையார்தான் செத்துவிட்டாரே. உன் அப்பா இப்போது யாருக்குப் பயப்படுகிறார்?”

பதில் குசினியிலிருந்து வந்தது.

“இஞ்சாருங்கோ! தராசு நிண்ட பிறகும் டப்பா மூடி சத்தம் கேக்குது. என்ன செய்யிறியள் அங்க?”

மண்டபத்தில் கதிரைகள் இழுபட்டன. கெவின் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டான். “அதுதான். அதே சத்தம். மேல்வீட்டுப் பிக்கிள்ஸ்.” கனவு கண்ட பெண் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா வெங்காயமும் கத்தியுமாக வெளியே வந்து நேரே திரைக்குள் நின்றார். ஊர் முழுவதும் ஓர் அங்குலம் பின்னால் சாய்ந்தது.

இனி மறைத்துப் பயனில்லை. நான் நடந்ததை இரண்டு மொழியிலும் சொன்னேன், திரைக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று. கடை அப்பாவுடையது, ஊர்ப் பிள்ளைகள் கனவிலும் பயந்த மேல்வீட்டுச் சத்தம் அம்மாவுடையது, கூடப் போன மிட்டாய் அம்மாவுக்குத் தெரியாமல் போனது.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தராசைப் பார்த்தார்.

“எத்தினை வரியம்?”

“கடை திறந்த நாள் தொட்டு,” என்றார் அப்பா. “புனிதம், அது தருமமில்லை, யாவாரம். ஒண்டு கூடக் குடுத்தாப் பிள்ளை அடுத்த நாள் தாயைக் கூட்டிக்கொண்டு வரும்.”

“அப்ப ஏன் எனக்கு ஒளிச்சனியள்?”

“உனக்கு ஒளிச்சுக் குடுத்தாத்தான் பிள்ளையளுக்கு ருசி.”

நான் இதை மொழிபெயர்த்தேன். மண்டபம் கைதட்டியது. ஜெனட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “திரு. யோகராஜா, பலகை முழுவதும் உங்கள் அப்பாவின் பெயரே இருக்கட்டும்,” என்றார். “ஒழுங்கை விஷயத்தையும் நகரசபைக்கு எழுதுகிறேன்.”

கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தால், குறைத்துக் கேட்டுவிட்டோம் என்று பொருள். பஸ் தரிப்பையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

அப்பா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அவரது யோர்க்ஷயர் இங்கிலீஷ் பழுதாகாமல் அப்படியே இருந்தது. “ஒழுங்கை வேண்டாம், அம்மா. என் பெயரை எழுதித் தபால்காரன் களைத்துப்போவான். பிக்கிள்ஸ் பெயரையும் எடுக்காதீர்கள். அது நான் காசு கொடுத்து வாங்கியது. அதற்குக் கீழே என் பெயரைப் போடுங்கள்.”

ஜெனட் எழுதிக்கொண்டு வாசித்தார். “‘பிக்கிள்ஸ் மிட்டாய்க் கடை. முதலில் எடித் பிக்கிள்ஸ், பின்னர் இராஜசிங்கம். மனைவி பார்க்காத நேரம் ஒன்று கூட.’”

“மனைவியெண்டு போட்டா ஆரெண்டு தெரியும்?” என்றார் அம்மா. கத்தி இன்னும் கையில். “அவையள் நித்திரையில பயந்தது எனக்கெல்லோ. என்ர பேரைப் போடச் சொல்லு.”

நான் சொன்னேன். ஜெனட் பேனாவால் எழுத்துகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரும்பில் இடம் போதாது, இரண்டு பெயரும் நீளம் என்று வருத்தப்பட்டார்.

“அப்ப அவரின்ர பேரைச் சுருக்கட்டும்,” என்றார் அம்மா.

பிறகு நடந்தது நல்ல பேரம். அம்மா ஒரு எழுத்தும் இறங்கவில்லை. அப்பா ‘இராஜ’ வரை இறங்கினார், மறுபடி ஏறினார். கடைசியில் எடித் என்ற முதற்பெயரை ஒற்றை எழுத்தாக்கி, ஆண்டுகளைக் கீழ் விளிம்புக்குத் தள்ளி, இருவர் பெயரையும் முழுதாக ஏற்றினார்கள். வாக்கெடுப்பில் எதிர்த்துக் கை தூக்கியவர் இல்லை. இப்போது அந்த முடக்கில், பஸ் திரும்பும்போது ஜன்னலுக்கு நேரே தெரிகிறது: ‘புனிதவதி பார்க்காத நேரம் ஒன்று கூட.’ கெவின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹோர்ன் அடிக்கிறானாம்.

அடுத்த சனி கோபிஷா வந்தாள். அப்பா நிறுத்தார், முறுக்கினார், வழக்கம்போல இரண்டு பக்கமும் பார்த்தார். அம்மா இந்த முறை கல்லாவுக்குப் பக்கத்திலேயே நின்றார். அப்பாவின் கை டப்பாவுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

அம்மா மெதுவாக முகத்தைத் திருப்பி, பருப்பு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கெதியாப் போடுங்கோ,” என்றார். “எவ்வளவு நேரத்துக்கு நான் பாக்காமல் நிக்கிறது?”