அல்லித் தொட்டி

நாகநாதன் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவருக்குச் சந்தேகம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அதனால்தான் ஓய்வு பெற்றதும், மனைவி மீனம்மாள் ஆசைப்பட்டுக் கேட்ட அல்லிக்குளத்தை, கொத்தனார் யாரையும் கூப்பிடாமல் கொல்லையில் தானே கட்டினார். குளம் என்ன குளம், கட்டில் அகலத்துக்கு ஒரு தொட்டி. ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதைக் காட்டியாக வேண்டும். "ஆறு வருசமாச்சு, ஒரு சொட்டு ஒழுகலை" என்பார். மீனம்மாள் பக்கத்தில் நின்று ஆமாம் போடுவாள்.

பங்குனியில் அவள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாள். நாகநாதன் அழவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. சாப்பிட்டார், தூங்கினார், டிவியில் செய்தி பார்த்தார். மகள் சிநேகா போனில் அழுதால், முடியட்டும் என்று காத்திருந்து "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

குளம்தான் அவரைக் கொஞ்சம் அசைத்தது. காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய அன்று பார்த்தால் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. போர் தண்ணீரைத் திறந்துவிட்டார். அது வாயில் வைக்க முடியாத உப்பு. நாலு மாதத்தில் இலையெல்லாம் கருகி ஒரே ஒரு குருத்துதான் மிச்சம். அதுவும் போய்விட்டால் அவள் கைபட்டு உயிரோடு இருக்கிறது என்று அந்த வீட்டில் எதுவுமே இல்லை. அந்தப் பயத்தில்தான் கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட்டார்.

குருத்தை வாளிக்கு மாற்றிவிட்டு, கொத்தனார் இருளாண்டி தொட்டிக்குள் இறங்கிக் கரண்டியால் சுவரைச் சுரண்டினார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"போர் தண்ணியிலயா கலவை போட்டீக?"

"ஆமா. எல்லாம் தண்ணிதான?"

"நம்ம ஊரு உப்புத்தண்ணியில கட்டுனா நிக்குமா சார்? இது மொத நாள்லருந்தே ஒழுகியிருக்கு. உடைச்சிட்டுத்தேன் கட்டணும்."

நாகநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன பேசுறீரு? ஆறு வருசம் ஒரு விரக்கடை எறங்கலை. நான் தெனமும் பாத்தவன்."

"அப்ப யாரோ தெனமும் ஊத்தியிருக்காக" என்றார் இருளாண்டி, கரண்டியை நிறுத்தாமல்.

பக்கத்து வீட்டுக் காலிதா, லாரித் தண்ணீர் பிடித்த குடங்களைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கொல்லை வழியாக வந்துகொண்டிருந்தாள். அவளும் மீனம்மாளும் சேர்ந்து தள்ளிய வண்டி அது. பேச்சு காதில் விழுந்து வண்டியை நிறுத்தினாள்.

"அக்காதாண்ணே ஊத்துனாக. நீங்க டீக்கடைக்குப் போற நேரம் பாத்து, தெனமும் ரெண்டு கொடம் நல்ல தண்ணி. 'ஆசையாக் கட்டிக் குடுத்தாரு, ஒழுகுதுன்னா மொகம் செத்துப்போயிரும், சொல்லிராத'ன்னாக."

ரெண்டு பேருக்கு எதற்கு எட்டுக் குடம், தண்ணீரைக் குடிக்கிறாயா குளிக்கிறாயா என்று மீனம்மாளைத் திட்டியது நாகநாதனுக்கு ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் அவள் பதில் பேசாமல் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

"டாக்டர் கனம் தூக்கக் கூடாதுன்னு சொன்ன பெறகுமா?"

காலிதா தரையைப் பார்த்தாள். "நான் ஊத்துறேன்னு சொன்னேண்ணே, கேக்கலை. கடைசி அன்னைக்கு மட்டும் ஒரு கொடத்த ஊத்திட்டு, இன்னொன்ன என்னைய ஊத்தச் சொன்னாக."

அப்போதும் அழுகை வரவில்லை. "உடைச்சிருங்க" என்றார் இருளாண்டியிடம்.

"கலவைக்கு நல்ல தண்ணி வேணும் சார்."

"எங்கிட்ட இருக்குண்ணே" என்று காலிதா ஒரு குடத்தில் கைவைத்தாள்.

"நீ விடும்மா" என்று நாகநாதனே தூக்கினார். ஒற்றை ஆளுக்குக் கேன் தண்ணீர் போதும் என்று இத்தனை மாதமாக அவர் குடத்தைத் தொட்டதில்லை. அதற்கு முன்னால் மட்டும் தொட்டாரா என்ன? வண்டியிலிருந்து தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு எட்டுதான். பாதியிலேயே மூச்சு வாங்கியது. குடத்தை இறக்கினார். இந்தக் கனத்தையா என்று நினைத்த மாத்திரத்தில் அதன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மீனா" என்றார், அக்கம்பக்கம் ஆள் நிற்பதை மறந்து.