முகாமில் ஏழு பேட்டரிகள்

மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே மின்சார ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள் இசபெல்லா. கடைக்குள் ஏழு பழைய பேட்டரிகள் கிடந்தன. எல்லாம் உப்பி, ஓரம் பிளந்தவை. வண்டி விற்ற ஷோரூமை மூடிவிட்டார்கள். கம்பெனியில் போனை எடுப்பதில்லை. பழைய இரும்பு வாங்கும் மாயவன் கேட்டுப் பார்த்தான். அவன் வீட்டு வாசலில் வைத்துச் சுத்தியலால் உடைப்பவன். பக்கத்திலேயே அவன் பிள்ளைகள் விளையாடும். அவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நல்லம்பள்ளியில் மின்வாகன பேட்டரிகளைச் சேகரிக்க அரசு முகாம் நடத்துவதாக அறிவிப்பு வந்தது. தீப்பிடித்தாலும் பரவாதபடி ஏழையும் தனித்தனி வாளியில் மணலுக்குள் புதைத்து, சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்ச் சேர்ந்தாள்.

முகாம் அலுவலர் மாதவராஜ் மணலை விலக்கிப் பார்த்தார்.

"உப்பினத எடுக்க மாட்டோம்ங்க. வண்டியில ஏத்த அனுமதி இல்ல."

"உப்பாத பேட்டரிய எவன் சார் தூக்கிப் போடுவான்?"

"கம்பெனிக்காரங்கதான் திரும்ப வாங்கிக்கணும். சட்டம் அப்படி."

"அவங்க போனே எடுக்கறதில்லீங்க. நீங்க ஒருவாட்டி பேசிப் பாருங்க."

"அது எங்க வேலை இல்லம்மா."

"அப்ப இங்கயே வெச்சிட்டுப் போறேன்."

"போனா உங்க மேலதான் கேஸ் வரும்."

வாளிகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாண்டிப் போய் பேனர் முன்னால் நின்று ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

உச்சி வெயிலில் ஒரு வாளி சீறியது. மணலுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. மாதவராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். இசபெல்லாதான் மற்ற வாளிகளை இழுத்துத் தள்ளி வைத்தாள். தீயணைப்பு வண்டி வந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போனது.

"மத்ததும் இப்படித்தான் ஆவும் சார்," என்றாள்.

மாதவராஜ் வாளிகளை விட்டுத் தள்ளியே நின்றார். "மனு எழுதிக் குடுங்க. மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு வாளிகளோடு ஊர் திரும்பினாள். கடைக்குப் பின்னால், சுவரை விட்டுத் தள்ளி, தகரம் வேய்ந்து அவற்றை வைத்தாள்.

பத்தாம் நாள் போனில் செய்தி வந்தது: 'பேட்டரி முகாமில் பெறப்பட்டது. தங்கள் மனு முடிக்கப்பட்டது.'

மாதவராஜை அழைத்தாள்.

"ஒண்ணு எடுத்தாங்கல்ல, அத வெச்சு முடிச்சிருப்பாங்க. புதுசா ஒரு மனு போடுங்களேன்."

போனை வைத்தாள். பிறகு கடையைச் சாத்திவிட்டு, வெள்ளைத்தாள் வாங்கக் கிளம்பினாள்.