மடியின் கொள்ளளவு

சேரன்மகாதேவி வெங்கடசுப்பிரமணியன் 1991ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரானார். அடுத்த தை பிறப்பதற்குள் ஐந்து பேராகிவிட்டார். முதல் தடவை அது நடந்தபோது செங்கோட்டை வண்டி நாற்பது நிமிஷம் தாமதம் என்பதால் ஸ்டேஷனுக்குப் போகவேண்டியவர்களும் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே சாட்சிக்குக் குறைவில்லை. ரயில் பயணிகள் சங்கமும் ஊர்ப் பண்டகசாலையும் சேர்ந்து போட்ட கூட்டம் அது. சங்கத்துக்கு அவர் தலைவர், பண்டகசாலைக்குச் செயலாளர். ஸ்டேஷன் வாசலில் பண்டகசாலை ஒரு கடை திறக்கலாமா என்பது பேச்சு. அவர் எழுந்து, "தலைவர் என்ற முறையில் இந்தத் தீர்மானத்தை வரவேற்கிறேன்" என்றார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "செயலாளர் என்ற முறையில் கடுமையாக எதிர்க்கிறேன்" என்று குரல் வந்தபோது அதைச் சொன்னவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அதே மூக்குக்கண்ணாடி, அதே எட்டு முழ வேட்டி, இடது காதோரம் அதே மறு. மைக் செட் முகம்மது சுல்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். "சாமி, நான் ஒரு மைக்குதான் கொண்டாந்திருக்கேன். ரெண்டு பேரும் சண்ட போடாம மாத்தி மாத்திப் பேசுங்க." ஓட்டுக்கு விட்டபோது இருவரும் எதிரெதிராகக் கை தூக்க, தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. வண்டியும் வந்துவிட்டது.

பிறகு படிப்பகத்துக்குப் புரவலர் என்று ஒருவர் பிரிந்தார். ஆஸ்பத்திரிப் பார்வையாளர் குழுவுக்கு உறுப்பினர் என்று ஒருவர். ஊருக்கு இது சௌகரியமாகவே இருந்தது. ஒரே நாளில் நாலு விழா வந்தால் முன்பெல்லாம் மூன்று பேருக்கு மனஸ்தாபம் வரும். இப்போது நாலு இடத்திலும் அவர் சரியான நேரத்துக்கு வந்து, நாலு இடத்திலும் முக்கால் மணி நேரம் பேசினார். மாலையும் பொன்னாடையும் விழ விழ நாலு பேரும் வளர்ந்தார்கள். தலைவருக்குத் தோள் அகன்று, ஸ்டேஷன் பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் வேறு ஆளுக்கு இடம் இல்லாமல் போயிற்று. புரவலர் ஆறடியைத் தாண்டிப் படிப்பகத்து நிலையில் இரண்டு தடவை நெற்றியை இடித்துக்கொண்டார். அவர்கள் வீட்டுக்கு வந்தது வெளுத்த வேட்டி எடுக்க மட்டும்தான். சாப்பாடு கூட்டங்களிலேயே முடிந்துவிடும். செலவுக்கு, முன்னோர்கள் வைத்துவிட்டுப் போன மூன்று கோட்டை விதைப்பாடு நஞ்சையைக் குத்தகைக்காரர் கொம்பையா பயிர் செய்து நெல் அளந்துகொண்டிருந்தார்.

நாலு பேரும் கிளம்பிப் போனபின் வீட்டில் மீந்தவர் ஐந்தாவது ஆள். பாலாம்பாளுக்குப் புருஷன், சுப்ரியாவுக்கு அப்பா. அவருக்கு ரப்பர் ஸ்டாம்பு கிடையாது, பெயர் அச்சடித்த தாள் கிடையாது, அவரை யாரும் எங்கும் அழைக்கவில்லை. அவர் இளைக்கத் தொடங்கினார். முதலில் பனியன் தொளதொளத்தது. அடுத்த வருஷம் கொடியில் துணி போட முக்காலி தேவைப்பட்டது. 1994 கார்த்திகையில் மகளுக்கு இடுப்பளவு. சுப்ரியா அப்போது திருநெல்வேலியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்; காலையில் கிளம்பும்போது குனிந்து அவரிடம் சொல்லிக்கொண்டு போவாள். இன்னும் இளைத்தபின் அவர் தினசரியைக் கூடத்தில் விரித்து, அதன் மேல் நடந்து படித்தார். தலையங்கத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் காபி ஆறிவிடும்.

பாலாம்பாள் வாசல் கதவைச் சாத்தியே வைத்தாள். "மாமா இல்லையா?" என்று யார் கேட்டாலும் "மீட்டிங் போயிருக்கார்" என்பாள். அது பொய்யும் இல்லை. உள்ளே வந்து அவரிடம்தான் எரிந்து விழுவாள். "ஊர்ல அத்தனை பேருக்கும் நன்னா ஆஜானுபாகுவா நிக்கறேள். எனக்கு மட்டும் இப்படி ஒட்டடைக்குச்சி மாதிரி வந்து சேர்ந்திருக்கேளே! யாராவது பார்த்தா நான் சோறு போடலைன்னு நினைக்க மாட்டாளா?" அவர் விளக்கு வைக்கும் மாடப்பிறைக்குக் கீழே நிழலில் போய் நின்றுகொள்வார்.

1995 ஐப்பசியில் சுப்ரியாவுக்கு மஞ்சள்காமாலை கண்டு, ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் பதினோராம் கட்டிலில் படுக்கவைத்தார்கள். கண்ணெல்லாம் மஞ்சள், இரண்டு நாள் நினைவு தப்பித் தப்பி வந்தது. பாலாம்பாள் சுல்தானைக் கூப்பிட்டு, நாலு பேரிடமும் போய்ச் சொல்லச் சொன்னாள். சுல்தான் சைக்கிளில் போனார். தலைவர் மேலதிகாரிக்கு மனுக் கொடுக்கும் அவசரத்தில் இருந்தார். "ஓய், அது சங்கத்துக்கு உட்பட்ட விஷயம் இல்லையே" என்றார். செயலாளர், "அடுத்த நிர்வாகக் குழுவிலே வெச்சுப் பார்க்கறேன்" என்றார். புரவலர் பேச்சின் நடுவில் இருந்ததால் கையை மட்டும் அசைத்தார். உறுப்பினர் மட்டும் வந்தார், அன்றைக்கு வியாழக்கிழமை என்பதால். வியாழன்தோறும் அவர் வார்டைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம்.

ஒவ்வொரு கட்டிலாக விசாரித்துக்கொண்டே பதினொன்றுக்கு வந்தார். நோட்டைப் பிரித்தார்.

"பேர் என்ன?"

"சுப்ரியா."

"சாப்பாடு வேளைக்குத் தராளா? தண்ணி காய்ச்சித் தராளா?"

"தரா."

"அப்பா பேர்?"

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "வெங்கடசுப்பிரமணியன்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

"வந்து பார்க்கறாரா?"

"வந்திருக்கார், சார்."

'திருப்தி' என்று எழுதிவிட்டு அவர் பன்னிரண்டாம் கட்டிலுக்கு நகர்ந்தார். வார்டு வாசலில் நின்ற சுல்தான் அதற்குப் பிறகு அரை மணி நேரம் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். செயின் கழன்றிருக்கவில்லை.

வீட்டில் இருந்தவர் அன்று முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் பார்த்திருக்கிறார். முழங்கால் உயரம்தான் இருந்தார், தாழ்ப்பாள் எட்டவில்லை. முக்காலியை இழுத்துப் பார்த்தார், நகரவில்லை. சாயங்காலம் சுல்தான் ஜன்னலோரம் வந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மறைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. "கடைசியிலே என்னன்னு எழுதினார்?" என்று உள்ளேயிருந்து கேட்டது. "திருப்தின்னு, சாமி." சுல்தான் எட்டிப் பார்த்தபோது ஜன்னலுக்குக் கீழே அவர் அரிசி அளக்கும் உழக்கு உயரத்துக்கு வந்திருந்தார். வேட்டி மட்டும் பழைய அளவிலேயே அவரைச் சுற்றிக் கிடந்தது. சுல்தான் தன் கைக்குட்டையை ஜன்னல் வழியாகப் போட்டார். அன்றிலிருந்து அவருக்கு வேட்டி அதுதான்.

சுப்ரியா பிழைத்து எழுந்து, படிப்பை முடித்தாள். 1998 வைகாசியில் ஹரிநாராயணன் என்ற நாக்பூர் மாப்பிள்ளைக்கு நிச்சயமானாள். பெண் பார்க்க வந்தபோது பாலாம்பாள் தலைவரைக் காட்டிச் சமாளித்துவிட்டாள். மற்ற மூவரைச் சகோதரர்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொண்டார்கள், அவள் மறுக்கவில்லை. அப்பாவைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆற்றங்கரை மண்டபத்துக்கு அவரைக் கூஜாவுக்குள் வைத்து எடுத்துவந்தாள், மந்திரமாவது காதில் விழட்டும் என்று. மூடியை ஒரு திருகு மட்டும் தளர்த்திவைத்தாள்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. அவர்கள் தெரு வீடுகளின் வழக்கப்படி அப்பா நெல் மூட்டை மேல் உட்காரவேண்டும், பெண் அவர் மடியில் உட்காரவேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் கன்னிகாதானம், அதற்கப்புறம்தான் தாலி. கொம்பையா தன் கையால் கட்டிய மூட்டையைத் தோளில் சுமந்து வந்து மேடையில் இறக்கியிருந்தார். முன்வரிசையில் நாலு பேரும் பொன்னாடையோடு இருந்தார்கள். சாஸ்திரிகள் கூப்பிட்டதும் தலைவர் எழுந்துபோய் மூட்டை மேல் அமர்ந்தார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. சுப்ரியா கூறைப்புடவையைச் சேர்த்துப் பிடித்து உட்கார்ந்தாள். நேரே மூட்டை மேல் போய் விழுந்தாள். மடி இருக்கவேண்டிய இடத்தில் அங்கவஸ்திரம் மட்டும் இருந்தது. அடியில் ஒன்றும் இல்லை. "கொஞ்சம் சரியா உக்காருங்கோ" என்றார் சாஸ்திரிகள். மறுபடியும் நெல். செயலாளர் வந்தார், நெல். புரவலர் நீளக் கால்களை மடக்கி உட்கார்ந்து பார்த்தார், நெல். உறுப்பினர் வந்தபோது சுப்ரியா உட்காரவே இல்லை. கையால் மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

மணி பத்து பதினைந்து. நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்துத் துடைத்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்குக் கீழே கேட்கும்படியாகவே சொன்னார்: "மாமனார் நாலு பேர். மடிதான் ஒண்ணுகூடக் காணோம். ஹரி, எழுந்திருடா." ஹரிநாராயணன் எழுந்திருக்கவில்லை, பெண்ணைப் பார்த்தான். நாலு வெங்கடசுப்பிரமணியன்களுக்கும் வியர்த்துக் கொட்டியது. ஒரே முகத்தில் நாலு இடத்தில் அவமானத்தைப் பார்த்த ஊர் அதுதான். மற்றவர்களும் நிம்மதியாக இல்லை. மண்டபத்தில் முந்நூறு பேர். அவர்களில் ஏதாவது ஒரு பொறுப்பு இல்லாத ஆண் யார்? வரிசை வரிசையாக ஆண்கள் தலையைக் குனிந்து, பர்ஸ் இருக்கிறதா என்று தடவுவதுபோலத் தங்கள் தொடைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, அப்பாவைக் கொண்டா" என்றாள் சுப்ரியா.

"வேண்டாம்டீ. இத்தனை பேருக்கு முன்னாடி... மானம் போயிடும்டீ."

"நாழியாறதும்மா."

பாலாம்பாள் கூஜாவைத் திறந்தாள். கைக்குட்டை கட்டிய அவரை இரண்டு விரலால் எடுத்து மூட்டை மேல் நிறுத்தினாள். பின்வரிசைகள் எழுந்து நின்றன. ஒரு குழந்தை சிரித்தது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சாக்கின் ஓட்டையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு நெல்லையே பார்த்தபடி, "போறாதுடீ குழந்தே" என்றார். "என்னாலே முடியாது. நீயே பார்க்கறயே. எனக்கு உன்னைத் தூக்கிவெச்சுக்கற யோக்கியதையே இல்லைடீ."

"நீ உக்காருப்பா. நான் பார்த்துக்கறேன்."

அவர் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். சுப்ரியா திரும்பி நின்று, தயங்காமல், முழு பாரத்தோடு உட்கார்ந்தாள். பாலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. சுப்ரியா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் மூட்டைக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளி. அந்த இடைவெளியில் அவர் இருந்தார், முதுகு நிமிர்ந்து. மேடைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அதன் வழியாக இந்தப் பக்கத்துக் குத்துவிளக்கு தெரிந்தது. கொம்பையா மண்டியிட்டு, தரையோடு தலையை வைத்துப் பார்த்தார். "நான் கட்டுன மூட்டைய்யா இது. ஒரு நெல்லு அமுங்கல, பாத்துக்கிடும்வே" என்று சுல்தானிடம் சொன்னார். சுல்தான், "சாமி, மைக்க வைக்கட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்று அந்த இடைவெளியிலிருந்து பதில் வந்தது.

அளவைப் பற்றி சாஸ்திரத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்று சாஸ்திரிகள் மேற்கொண்டு நடத்தினார். அவர் நீட்டிய கையில் பாலாம்பாள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அந்த உள்ளங்கைக்கு அது நிறைய இருந்தது. பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது. முடிந்ததும் அவரைத் திரும்பக் கூஜாவில் வைக்க பாலாம்பாளுக்கு மனம் வரவில்லை. தோளில் உட்காரவைத்துக்கொண்டு பந்திக்குப் போனாள். நாலு பேரும் வாழ்த்துரையை மடித்துப் பையில் வைத்தார்கள். நாலு பேருக்கும் வேறு வேறு இடத்தில் கூட்டம் இருந்தது. அவர்கள் இன்னும் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவரும் அதே உழக்கு உயரத்தில்தான் இருக்கிறார். சுப்ரியா நாக்பூரிலிருந்து வந்தால் நேரே உள்ளே போய் அவர் மடியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறாள்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், கதவைச் சாத்திக்கொண்டு, முதலில் அவளை அப்பா மடியில் உட்காரவைத்துப் பார்க்கிறார்கள். மண்டபத்தில் தேதி கேட்பது அதற்கப்புறம்தான். பலபேருக்கு முதல் தடவையே சரியாகிவிடுகிறது. சில அப்பாக்களுக்கு மடி கூடிவர ஆறு மாதம் ஆகிறது. அதுவரை ஜாதகத்தில் ஏதோ குறை என்று சொல்லிக்கொள்கிறார்கள். யாரும் என்ன குறை என்று கேட்பதில்லை.